ஒரிஜினல் எஞ்சின்

"அக்கா, இது ஒரிஜினல் இல்ல. சுவிஸ் எஞ்சின் வேற. இது பொன்மலைல கட்டினது."

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி. 7.10 ஊட்டி ரயில் கிளம்பக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் எஞ்சினைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் பெரிய கேமரா தொங்கவிட்ட ஒரு தம்பி பக்கத்தில் வந்து இதைச் சொன்னான். குறை சொல்லும் நோக்கம் அவனுக்கு இல்லை. எஞ்சின் எண்ணைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடும் அளவுக்கு ரயில் பித்து உள்ளவன். 1914 முதல் 1952 வரை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்து கப்பலில் வந்தவைதான் அசல் எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள், 2011 முதல் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் அதே அமைப்பில் புதிதாகக் கட்டியவை வேறு என்று விளக்கினான். அவன் சொன்ன தகவலில் பிழை இல்லை. ஆனால் எனக்குச் சட்டென்று மனசு இறங்கிவிட்டது. நூறு வருடப் பழசைத் தொட்டுப் பார்க்கிறோம் என்று நினைத்திருந்தேன். என் மகனைவிடச் சின்ன எஞ்சின் அது என்று ஆனதும் எடுத்த படங்களே ஒரு மாற்றுக் குறைந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். அவருக்கு இது எதுவும் காதில் விழவில்லை. எஞ்சினின் கொதிகலனைக் கட்டும் பாய்லர் மேக்கர்களில் பலருக்கும் வருவதுதான் அவருக்கும் வந்தது. இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் ரிவிட் அடிக்க, உள்ளே தாங்கிப் பிடித்து வேலை பார்த்த காதுகள். 1974இல் பொன்மலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். நாற்பது வயதுக்குள் பாதிக் காது போய்விட்டது. நாம் பேசினால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். தொண்ணூறுகளில் நீராவி எஞ்சின் வேலை அருகிப்போனதும் அவரை வேகன் கட்டும் பக்கம் மாற்றினார்கள். மீதிக் காலமெல்லாம் சரக்கு வேகன் வெல்டிங்தான். இந்தப் புது எஞ்சின்களில் அவர் கை படவே இல்லை. இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவர் பேசியதை "தன் பணிமனைப் பாசம்" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வண்டி கிளம்பியது. கல்லாறு வரை எல்லா ரயிலையும் போலத்தான் போகும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் ஆரம்பிக்கும். குன்னூர் வரை அந்தப் பற்களில் எஞ்சினின் பல்சக்கரம் மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். எனக்கு இதெல்லாம் படித்துத் தெரியும். அப்பா செய்ததுதான் புதிது. கல்லாறு நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சுப் பலகையில் உள்ளங்கையைப் பதித்து வைத்தார். கொஞ்ச நேரத்தில், "மேல் சிலிண்டர் எடுத்துருச்சு" என்றார்.

அவர் சொன்னது இது. எக்ஸ் வகுப்பு எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ள இரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே உள்ள இரண்டும் பல்சக்கரத்தை ஓட்டும். சமதளத்தில் கீழ் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்து, நீராவி நேரே புகைபோக்கிக்குப் போய்விடும். பல்சட்டம் வந்ததும் டிரைவர் வழியை மாற்றிவிடுவார். கீழே ஒருமுறை உழைத்துக் களைத்த நீராவியே மேல் சிலிண்டர்களுக்குப் போய் இன்னொரு முறை உழைக்கும். மேல் தண்டுகள் கீழ்த் தண்டுகளைவிட வேகமாகச் சுற்றும். அதனால் புகைபோக்கியின் மூச்சே மாறிவிடும். காது கேட்பவர்களுக்கு அது சத்தம். அப்பாவுக்கு அது பலகை வழியாக வரும் அதிர்வு. முப்பது வருடம் தொடாத ஒன்றை அவர் கை மறக்கவில்லை.

ஹில்குரோ நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோதுதான் அந்தத் தம்பி சொன்னதை அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். ஒரிஜினல் இல்லையாம் அப்பா, பொன்மலையாம். கோபப்படுவார், அல்லது பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. "சரி, பாய்லரை யாரு பாக்குறா?" என்று கேட்டுவிட்டு எஞ்சின் பக்கம் நடக்க ஆரம்பித்தார். டிரைவரிடம் தான் யார் என்றுகூடச் சொல்லவில்லை.

"தம்பி, வாஷ் அவுட் ஒழுங்கா நடக்குதா?"

டிரைவர் ஒரு நொடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கேள்வியைச் சுற்றுலாப் பயணிகள் கேட்க மாட்டார்கள். "நடக்குதுங்கய்யா. நாள் கணக்கு வச்சுத்தான் பண்றாங்க" என்றார். பிறகு அவராகவே, "நீங்க லோகோவாய்யா?" என்றார். அப்பா தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது.

பாய்லர் ஷாப்

அன்று இரவு ஊட்டி அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பா பேசியதை எழுதுவதற்குத்தான் இந்தக் கட்டுரையே. அவர் அதிகம் பேசுபவர் இல்லை. கேட்கச் சிரமம் என்பதால் பேச்சையும் குறைத்துக்கொண்டவர். ஆனால் "ஒரிஜினல்" என்ற சொல் அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்தது.

பெரிய பழுதுபார்ப்புக்கு எஞ்சின் பணிமனைக்குள் வந்தால் அதை முழுசாகப் பிரித்துவிடுவார்கள். சக்கரம் ஒரு பக்கம் போகும், சிலிண்டர் ஒரு பக்கம், பாய்லரைக் கிரேன் கட்டித் தூக்கி பாய்லர் ஷாப்புக்குக் கொண்டுபோவார்கள். மற்ற எல்லாவற்றையும்விட பாய்லருக்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். எஞ்சினை அத்தனை நாள் சும்மா நிறுத்தி வைக்க முடியாது. அதனால் அதே வகையில் ஏற்கெனவே சரிசெய்து தயாராக இருக்கும் இன்னொரு பாய்லரை எடுத்து மாட்டி அனுப்பிவிடுவார்கள். அவிழ்த்த பாய்லர் சரியானதும் அடுத்து வரும் எஞ்சினுக்குப் போகும். "வந்த எஞ்சின் வந்தபடியேவா போச்சு? பாய்லர் ஒண்ணோடது, சக்கரம் ஒண்ணோடது. நம்பர் பிளேட்டு மட்டும்தான் கூட வரும்" என்றார். இரும்பு பழசா புதுசா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. தாங்குமா தாங்காதா என்பது மட்டும்தான் கேள்வி.

நீராவி எஞ்சின் தன்னையே தின்றுதான் ஓடுகிறது. தீயும் தண்ணீரும் ஒரு தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கின்றன. நெருப்புப் பெட்டி என்பது ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. இரண்டு சுவர்களுக்கும் நடுவில் கொதிநீர். அந்த அழுத்தம் சுவர்களைப் பிளந்து தள்ளாமல் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். தீ மூட்டும்போது தகடு விரியும், அணைந்ததும் சுருங்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் போல்ட்டுகள் கொஞ்சம் வளைந்து நிமிரும். அதனால்தான் குளிர்ந்த பாய்லரை அவசரமாகச் சூடாக்கக் கூடாது, பல மணி நேரம் பொறுமையாக ஏற்ற வேண்டும். சூடான பாய்லரில் பச்சைத் தண்ணீரை அடித்துக் கழுவவும் கூடாது. வளைந்து வளைந்து ஒருநாள் ஒரு ஸ்டே உள்ளுக்குள் விரிசல் விடும். வெளியே பார்த்தால் தெரியாது. அதற்காகவே போல்ட்டின் வெளிமுனையில் நடுவாக ஒரு சின்னத் துளை போட்டு வைத்திருப்பார்கள். விரிசல் அந்தத் துளையைத் தொட்டதும் தண்ணீர் அதன் வழியே கசியும். "ஸ்டே அழுவும். அழுதா ஆளைக் கூப்பிடுதுன்னு அர்த்தம்" என்றார் அப்பா.

துளை இல்லாத இடங்களில் சுத்தியல்தான். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்லது கணீர் என்று சொல்லும். உடைந்தது பொத் என்று சொல்லும். சந்தையில் அம்மா மண்சட்டியைக் கையில் ஏந்தி விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பாளே, அதே வேலை. எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது, இதற்கு மட்டும் அளவு இல்லை. ஒரு மேஸ்திரி பக்கத்தில் உட்கார வைத்து, "இது நல்லது, இது போனது, இது போகப்போவது" என்று ஆயிரம் முறை தட்டிக் காட்டினால்தான் வரும். மூன்றாவதுதான் கஷ்டமாம். போகப்போவதன் சத்தம். அதைப் பிடிக்க அப்பாவுக்கு மூன்று வருடம் ஆனது. அதைப் பிடித்த காதைத்தான் பிற்பாடு அதே வேலை வாங்கிக்கொண்டது.

வாஷ் அவுட் பற்றி அவர் ஏன் முதலில் கேட்டார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதை எல்லாரும் பார்த்திருப்போம். பாய்லருக்குள்ளும் அதேதான் நடக்கிறது, நாள் முழுக்க. படிவம் கெட்டியானால் தீயின் சூடு தண்ணீருக்குப் போகாது, தகடே வாங்கிக்கொண்டு வெந்து போகும். அதனால் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை பாய்லரை மெல்ல ஆறவிட்டு, மூலைகளில் உள்ள பிளக்குகளைக் கழற்றி, குழாயால் அடித்து, கம்பி விட்டுச் சுரண்டி, விளக்குப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். அழுக்கு வேலை. யாரும் படம் எடுக்காத வேலை. அது நின்றால் மற்றது எல்லாம் நின்றுவிடும்.

பெயின்ட் அடித்த எஞ்சின்

இதே அப்பாவோடு சில வருடம் முன்னால் ஒரு ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. வாசலில் மேடை கட்டி ஒரு மீட்டர் கேஜ் எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் புல்தரை, சங்கிலி வேலி, இரவில் விளக்கு. "புதுப்பிக்கப்பட்டது" என்று பலகையில் எழுதியிருந்தது. கறுப்பு பளபளவென்று இருந்தது. சக்கரத்துக்கு வெள்ளை விளிம்பு, தண்டுகளுக்குச் சிவப்பு. அந்தத் தம்பியின் கணக்குப்படி அது நூற்றுக்கு நூறு ஒரிஜினல். ஒரு போல்ட்டுகூட மாற்றப்படவில்லை.

அப்பா வேலியைத் தாண்டிக் குனிந்து, சாம்பல் தட்டுக்கு அடியில் கையை விட்டார். எடுத்தபோது உள்ளங்கை நிறைய செதில் செதிலாகத் துரு. புகைபோக்கி வாயை மூடாமல் விட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கி, கரிச் சாம்பலோடு சேர்ந்து ஊறி, அடித்தகட்டைத் தின்றிருந்தது. மேலே ஒவ்வொரு வருடமும் ஒரு கோட்டுப் பெயின்ட். துருவின் மேலேயே அடித்த பெயின்ட் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். "பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு பாப்பா." அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

ஊட்டி அறையில் அவர் பேசப் பேச, அந்த எஞ்சின் என் கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. ஒரு பக்கம், முழுசும் பழைய இரும்பு, ஆனால் அதைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. இன்னொரு பக்கம், இரும்பெல்லாம் புதுசு, ஆனால் நாள் கணக்கு வைத்து வாஷ் அவுட் நடக்கிறது. இதில் எது பழம்பொருள்? காலையில் நான் ஏமாந்துபோனதாக நினைத்தது எதைப் பார்த்து?

உறைமோர்

யோசிக்க யோசிக்க எனக்கு உறைமோர்தான் ஞாபகம் வந்தது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுகிறோம். இன்றைய தயிரில் நேற்றைய பால் ஒரு சொட்டுகூட இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது அதே வீட்டுத் தயிர்தான், அதே ருசிதான். ஒருநாள் உறை ஊற்ற மறந்தால் அக்கம்பக்கத்தில் போய்க் கிண்ணத்தோடு நிற்க வேண்டும்.

பிரிட்டனுக்கு நடந்தது அதுதான். நீராவி ரயில் பிறந்த நாடு. பெப்பர்கார்ன் ஏ1 என்ற வகையில் 49 எஞ்சின்கள் இருந்தன, அத்தனையும் உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பிறகு 1990இல் ரசிகர்கள் கூடி, பொதுமக்களிடம் காசு திரட்டி, ஐம்பதாவதைப் புதிதாகவே கட்டும் முயற்சியில் இறங்கினார்கள். 'டொர்னாடோ' என்று பெயர் வைத்து 2008இல் ஓட்டியும் காட்டினார்கள். ஆனால் அதன் பாய்லர் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையில் செய்யப்பட்டது. கிழக்கு ஜெர்மனி எண்பதுகள் வரை நீராவி எஞ்சின்களை ஓட்டிக்கொண்டிருந்தது, அவற்றைப் பழுதுபார்த்த இடம் மைனிங்கன். அங்கே உறைமோர் தீரவில்லை. கிண்ணத்தோடு வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க முடிந்தது.

வின்டர்தூரில் செய்த வேறு சில மலை எஞ்சின்களின் கதை இன்னும் நெஞ்சைத் தொடும். அவை வியட்நாமின் தா லாட் மலைப்பாதையில் ஓடின. போர்க்காலத்தில் அந்தப் பாதை நின்றுபோக, எஞ்சின்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1990இல் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதை ஆர்வலர்கள் அவற்றைத் தேடிப் போய், மலையிலிருந்து இறக்கி, கப்பலேற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சம்பளம் வாங்காமல் விடுமுறை நாட்களில் வந்து வேலை செய்பவர்களால் அவற்றில் சில மறுபடி மலை ஏறுகின்றன. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1855இல் லீட்ஸ் நகரில் செய்த ஃபேரி குயின் பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக இருந்துவிட்டு, தொண்ணூறுகளில் பெரம்பூர் லோகோ பணிமனையில் உயிர் பெற்று, 1997இல் டெல்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓடியது. அதே வயதுள்ள இ.ஐ.ஆர். 21 (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) எஞ்சினும் பின்னர் பெரம்பூரில்தான் எழுந்தது. எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது புகைவிட்டுப் போவதைச் சென்னைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். தொண்ணூறுகளில் பெரம்பூரில் நீராவி தெரிந்த கைகள் இன்னும் பணியில் இருந்தன. இருபது வருடம் தாமதித்திருந்தால் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

நீலகிரிக்கு அந்த இடைவெளி விழவில்லை. கல்லாறு–குன்னூர் பல்சட்டத்தில் சாதாரண டீசல் எஞ்சின் ஏற முடியாது, அதனால் நீராவி அங்கே தொடர்ந்தது. குன்னூர் ஷெட்டில் ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது ஊரெல்லாம் மலையையும் பாலங்களையும் பற்றித்தான் பேசியது. அந்த ஷெட்டையும் அதே மதிப்போடு பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்பாவுக்கும் புது எஞ்சினில் மனக்குறை உண்டு. வெல்டிங் பாய்லரை அவர் ஒத்துக்கொள்கிறார். ரிவிட் போனதற்கு ஒருநாளும் அழ மாட்டேன், என் காது மாதிரி இன்னொருத்தன் காது போக வேண்டாம் என்றார். நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் என்பதில்தான் அவருக்கு ஒப்புதல் இல்லை. காட்டுக்குள் தீப்பொறி விழாது, ஃபயர்மேனின் முதுகு தப்பிக்கும், எல்லாம் சரி. ஆனால் கரித் தீயைப் படிப்பது ஒரு தனி வித்தை, எங்கே வெள்ளை, எங்கே ஓட்டை என்று பார்த்து மண்வெட்டியை வீச வேண்டும், அது கைவிட்டுப் போகிறதே என்றார். 2021இல் பொன்மலையில் நிலக்கரியில் ஓடும் எக்ஸ் எஞ்சின் ஒன்றையும் புதிதாகக் கட்டினார்கள் என்று சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் விளக்கை அணைத்துவிட்டார்.

குன்னூரில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு, மேலே ஊட்டிக்கு டீசலை மாட்டுவார்கள். அந்த இடைவேளையில் எல்லாரும் டீக்கும் வடைக்கும் ஓடினார்கள். அப்பா எஞ்சின் பின்னாலேயே நடைமேடை முடியும் வரை போய்விட்டார். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு ஃபிட்டர், இருபத்தைந்து வயது இருக்கலாம், எண்ணெய்ச் சட்டை, கையில் நீளக் காம்பு போட்ட சுத்தியல். குனிந்து குனிந்து அடிப்பாகத்து நட்டுகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போனான். தட்டி, ஒரு நொடி நின்று, அடுத்தது. அப்பா அவனுடைய முகத்தையும் சுத்தியலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு இடத்தில் அவன் நின்றான். மறுபடி தட்டினான். தலையைச் சாய்த்து மூன்றாவது முறையும் தட்டினான். இடுப்பிலிருந்து சாக்பீஸ் எடுத்து அந்த நட்டின் மேல் ஒரு கோடு போட்டான்.

அப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

"பாப்பா, என்ன சத்தம் வந்துச்சு?"

எனக்கு எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. மற்றதுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியலைப்பா என்றேன்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். வண்டி கிளம்ப விசில் ஊதினார்கள். நான் இரண்டு முறை இழுத்த பிறகுதான் நகர்ந்தார்.